நிபுணர் நாற்காலியில் யார்?

கோடை வந்தால் நம் நாளிதழ்களில் தவறாமல் வரும் படம் அது: நடுச்சாலையில் காலிக் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு மறியல் செய்யும் பெண்கள். அன்றிரவு தொலைக்காட்சியில் தண்ணீர்ப் பஞ்சம் பற்றி விவாதம் நடக்கும். அணை, நிலத்தடி நீர், நிதி ஒதுக்கீடு என்று விளக்க வந்திருப்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். தெருவுக்குத் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, எந்தக் குழாய் எப்போது வறண்டது என்று துல்லியமாகத் தெரிந்தவர்கள் காலையிலேயே படத்தோடு முடிந்துவிட்டார்கள்.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமல்ல. செய்திகளில் பெண்களின் இடத்தை அளந்து பார்க்கும் யோசனை 1994இல் பாங்காக்கில் நடந்த ஒரு மாநாட்டில் பிறந்தது. மறு ஆண்டே 71 நாடுகளில் தன்னார்வலர்கள் ஒரே நாளில் செய்தித்தாள், வானொலி, தொலைக்காட்சிச் செய்திகளை அலசினார்கள். செய்தியில் இடம்பெற்றவர்களில் பெண்கள் 17 சதவீதம். உலக ஊடகக் கண்காணிப்புத் திட்டம் என்ற பெயரில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை இந்த ஆய்வு தொடர்கிறது. 2010இல் 24, 2015இலும் அதே 24, 2020இல் 116 நாடுகளில் பார்த்தபோது 25. கால் நூற்றாண்டில் ஏறியது எட்டுப் புள்ளிதான்.

எந்தத் தகுதியில் பேச வைத்தார்கள் என்பது இன்னும் வேதனை தருவது. 2010 ஆய்வில், பொதுமக்கள் கருத்து சொன்னவர்களில் பெண்கள் 44 சதவீதம். நிபுணர்களாகப் பேசியவர்களில் 20 சதவீதம்தான். பெண்களை ஊடகம் காட்டாமலே விடுவதையும், காட்டினாலும் சிறுமைப்படுத்துவதையும் 1978இலேயே ‘குறியீட்டு அழிப்பு’ என்ற பெயரில் விளக்கினார் அமெரிக்கச் சமூகவியலாளர் கேய் டக்மன். கடுமையான சொல்தான். எனக்கு அது மிகையாகத் தோன்றவில்லை.

“பேச வரப் பெண்கள் கிடைப்பதில்லை” என்பது செய்தி அறைகளின் வழக்கமான பதில். 2017இல் பிபிசியின் ராஸ் அட்கின்ஸ் தன் நிகழ்ச்சியில் இதைச் சோதித்துப் பார்த்தார். செய்தியின் மையமாக இருக்கும் பிரதமரையோ அமைச்சரையோ மாற்ற முடியாது. அவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. தாங்களே தேர்ந்தெடுத்து அழைத்தவர்களை மட்டும் ஒவ்வொரு நாளும் நிகழ்ச்சி முடிந்ததும் எண்ணினார்கள். தரத்தில் சமரசம் கிடையாது, கட்டாய ஒதுக்கீடும் கிடையாது. 39 சதவீதமாக இருந்த பெண்கள் நான்கே மாதத்தில் 50 சதவீதம் ஆனார்கள். பெண்கள் முன்பும் இருந்தார்கள். அவர்களுடைய தொலைபேசி எண்தான் செய்தி அறையில் இல்லை.

எண்ணிக்கை எல்லாவற்றையும் சொல்லிவிடாது. எந்தப் பெண், எந்தச் சாதி, எந்த ஊர் என்ற கேள்விகள் அதற்குள் அடங்குவதில்லை. உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூடத்தில் 2002இல் இதழாகத் தொடங்கிய ‘கபர் லஹரியா’வில் தலித் பெண்களும் பிற கிராமத்துப் பெண்களுமே செய்தியாளர்கள். தங்கள் வட்டார மொழியான புந்தேலியில் அவர்கள் எழுதத் தொடங்கியபோது, பெரிய நாளிதழ்கள் எட்டிப் பார்க்காத ஊர்ச் சாலையும் கைப்பம்பும் செய்தியாயின.

இன்றிரவு நீங்கள் பார்க்கும் விவாத நிகழ்ச்சியில் எத்தனை பெண்கள் பேசினார்கள், எதைப் பற்றிப் பேச வைக்கப்பட்டார்கள் என்று ஒரு தாளில் குறியுங்கள். ஒரு வாரம் தொடருங்கள். பிறகு அந்தக் கணக்கை அந்தத் தொலைக்காட்சிக்கே எழுதி அனுப்புங்கள்.