தாளில் விழும் கிழிசல்

ஒரு வெற்றுத் தாளைச் சட்டத்தில் விறைப்பாக மாட்டி, இரண்டு மீட்டர் தள்ளி நின்று அதன் வழியே அம்பு எய்கிறார்கள். தாளில் ஒரு சிறு துளையும், அதைச் சுற்றி மூன்று இறகுகளின் கீற்றும் மட்டும் விழுந்தால் அம்பு நேராகப் போயிருக்கிறது. துளை ஓரிடத்திலும் கீற்றுகள் ஓர் அங்குலம் மேலேயும் இருந்தால், வாலைத் தூக்கிக்கொண்டு பறந்திருக்கிறது. அமெரிக்காவில் புது காம்பவுண்ட் வில் வாங்கும் வேட்டைக்காரர்கள் பலர், காட்டுக்குள் போவதற்கு முன் இந்தத் தாளோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள்.

அந்த வில் பிறந்ததும் அமெரிக்காவில்தான். மிசௌரி மாநிலத்து ஹாலிஸ் வில்பர் ஆலன், சாதாரண வில் ஒன்றின் இரு முனைகளையும் அறுத்துவிட்டு அங்கே சக்கரங்களைப் பொருத்தினார். 1966இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1969இல் அது கிடைத்தது. சூட்சுமம் அந்தச் சக்கரங்களில் இருக்கிறது. கிணற்று ராட்டினத்தின் அச்சை நடுவில் வைக்காமல் ஓரமாக வைத்தால், சுழற்சியின் ஒரு பாதி கனக்கும், மறு பாதி லேசாகும். கேம் என்ற இந்தச் சக்கரம் செய்வதும் அதைத்தான். சாதாரண வில்லில் இழுக்க இழுக்கப் பாரம் ஏறிக்கொண்டே போகும். குறி பார்க்கும் நேரத்தில்தான் கை அதிகம் நடுங்கும். காம்பவுண்ட் வில்லிலோ 70 பவுண்டு, அதாவது சுமார் 32 கிலோ வரை ஏறிய பாரம், கடைசிச் சில அங்குலங்களில் சட்டென்று சரிகிறது. 80 சதவீதம் தளரும் வில்லில் கை தாங்குவது ஆறு கிலோவுக்குச் சற்று மேல்தான். ஆனால் சேர்த்த ஆற்றல் அத்தனையும் லிம்புகளில், அதாவது வில்லின் மேலும் கீழும் வளைந்து நிற்கும் கைகளில், அப்படியே இருக்கிறது. மான் பக்கவாட்டில் திரும்பும்வரை ஆடாமல் காத்திருக்க முடிவது இதனால்தான். இந்தியாவில் வேட்டை 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனால் இதே வகை வில்லால்தான் இந்திய வில்வித்தை வீராங்கனை ஜோதி சுரேகா வென்னம் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 3 தங்கம் வென்றார்.

வில்லை முதலில் ஆளுக்கு ஏற்ப அமைக்க வேண்டும். இரு கைகளையும் விரித்து, விரல் நுனியிலிருந்து விரல் நுனிவரை அளந்து 2.5ஆல் வகுத்தால் இழுப்பு நீளம் ஏறத்தாழ வந்துவிடும். 70 அங்குலம் என்றால் 28. சாதாரண வில்லில் அரை அங்குலம் கூடக் குறைய இழுத்துச் சமாளிக்கலாம். இங்கே கேம் ஓரிடத்தில் முட்டி நின்றுவிடும். நீளம் தப்பினால் உடம்புதான் கோணிக்கொள்ள வேண்டும். பெருமைக்காகப் பாரத்தைக் கூட்டுவதும் வேண்டாத வேலை. நாணை இழுக்க வில்லை வானத்தைப் பார்த்துத் தூக்க வேண்டியிருந்தால், அந்தப் பாரம் அந்தக் கைக்கு அதிகம்.

அடுத்தது கேம்களின் ஒத்திசைவு. மேல் கேமும் கீழ் கேமும் ஒரே நொடியில் முட்ட வேண்டும். ஒன்று முந்தினால் நாண் நேராக முன்னேறாமல் அம்பின் வாலை மேலோ கீழோ தள்ளும். வில்லைப் பிரஸ்ஸில் வைத்து அழுத்தி, கேம்களோடு இணைந்த கேபிளைக் கழற்றி, அரை முறுக்குக் கூட்டியோ குறைத்தோ மாட்டுவதுதான் இதற்கு மருந்து. அத்தனை இழுவிசையில் இருக்கும் ஒரு பொறி அரை முறுக்குக்குக் கட்டுப்படுவது எனக்குத் தீராத வியப்பு.

இனி தாள். நாண் அம்பைத் தள்ளி முடிக்க ஆகும் நேரம், ஒரு விநாடியில் ஏறத்தாழ எண்பதில் ஒரு பங்கு. அதற்குள் கார்பன் தண்டு தள்ளுவிசையால் வளைந்து நிமிர்கிறது. கண்ணுக்கு இது எதுவும் தெரியாது. தூரம் போகப் போக இறகுகள் அம்பைத் திருத்திவிடும் என்பதால், தவறு தெரிய வேண்டுமானால் தாள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வால் மேலே கிழித்திருந்தால், நாணில் அம்பு மாட்டும் இடம் உயர்ந்திருக்கிறது அல்லது அம்பைத் தாங்கும் ரெஸ்ட் தாழ்ந்திருக்கிறது. ரெஸ்டை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தி மறுபடி எய்து பார்க்கலாம். பக்கவாட்டுக் கிழிசல்தான் வம்பு. கேம் சாய்ந்திருக்கலாம், தண்டின் விறைப்பு பொருந்தாமல் இருக்கலாம், எய்பவரின் உள்ளங்கையே பிடியை முறுக்கியிருக்கலாம். திருகாணியைத் தொடுவதற்கு முன் கையைச் சந்தேகிப்பது நல்லது.

இலக்குப் பலகையில் எய்பவருக்கு இந்தச் சிறு கோணல் பெரிய நஷ்டமில்லை. வேட்டை அம்பின் முனையிலோ அகன்ற பிளேடுகள் இருக்கின்றன. அவை முன்பக்கத்து இறகுகள்போல் காற்றைப் பிடிக்கும். வால் ஒரு பக்கம் ஒதுங்கிக் கிளம்பினால் பிளேடுகள் அம்பைத் தங்கள் போக்கில் திருப்பும். முப்பது மீட்டரில் அது சில அங்குலப் பிசகு. மானின் நுரையீரலுக்கும் வயிற்றுக்கும் இடையே உள்ள வித்தியாசம். நுரையீரலில் பாய்ந்தால் மான் விரைவில் விழும். வயிற்றில் பாய்ந்தால் பல மணி நேரம் துடிக்கும். இவ்வளவு நுணுக்கம் பார்ப்பதற்கு இதைவிடக் காரணம் தேவையில்லை.

அதனால் கடைசிச் சோதனையில் சாதாரண முனையும் பிளேடு முனையும் மாட்டிய அம்புகளை மாறி மாறி எய்கிறார்கள். பிளேடு அம்புகள் வலப்பக்கம் ஒதுங்கிக் குத்தினால் ரெஸ்டை இடப்பக்கம், அதாவது சாதாரண அம்புகள் குத்திய திசையில், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக நகர்த்துகிறார்கள். இரண்டும் ஒரே இடத்தில் குத்தும்வரை இது தொடரும். குத்திவிட்டால், ரெஸ்ட் நிற்கும் இடத்திலும் கேம் நிற்கும் நிலையிலும் வெள்ளை மையால் கோடு போட்டுவிடுவார்கள். புது நாண் முதல் நூறு இருநூறு அம்புகளில் சற்று நீளும். கோடு விலகியிருந்தால் பிரஸ்ஸும் தாளும் மறுபடி வெளியே வரும்.