கன்னத்தில் தழும்பு! கட்டை விரலில் தலைகீழ் நகம்! பொம்மைச் சிப்பாய்க்கும் அங்க அடையாளம்

அங்க அடையாளம் பார்ப்பது போலீஸ் ஸ்டேஷனில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் பொம்மைச் சிப்பாய் சேகரிப்பவர்களும் அதைத்தான் பார்க்கிறார்கள்!

லீவு நாளில் சங்கத்தார் பெட்டியும் கையுமாகக் கூடுவார்கள். பலர் தலை நரைத்தவர்கள். பெட்டியைத் திறந்தால் ஒரு அடி உயர "ஜி.ஐ. ஜோ"க்கள்! புல்தரைதான் போர்க்களம். மண்டி போட்டு போட்டோ எடுப்பார்கள். கைமாற்றும், விற்பனையும் நடக்கும். அங்கேதான் உஷாராக இருக்கணும்.

நகம் காட்டிக்கொடுக்கும்

1964-ல் ஹாஸ்ப்ரோ கம்பெனி இந்தச் சிப்பாயை விற்பனைக்கு விட்டது. "பொம்மை" என்றால் பையன்கள் வாங்க மாட்டார்கள் என்று "ஆக்‌ஷன் ஃபிகர்" என்று பெயர் வைத்தது. மனித உடம்புக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாதே! அதனால் கன்னத்தில் ஒரு தழும்பு. வலது கட்டை விரல் நகமோ உள்பக்கம் இருக்கும். தவறுதலாக வந்தது என்பார்கள். அதையும் சேர்த்துக் காப்பியடித்தால் ஆள் மாட்டினான்!

2 லட்சம் டாலர்!

கையால் செய்த முதல் மாதிரி 2003-ல் 2 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அடேயப்பா! பணம் புரளும் இடத்தில் தொப்பி, பூட்ஸ் மாறினாலும் விலை சரிந்துவிடும்.

சென்னைச் சரக்கு

1987-ல் தொடங்கிய சென்னை ஃபன்ஸ்கூல் கம்பெனி, நாலு அங்குலத்துக்கும் குறைவான குட்டி ஜோக்களை இந்தியாவில் விற்றது. சிலவற்றின் நிறம் அமெரிக்க ஜோவைப் போல இருக்காது. அதற்காகவே வெளிநாட்டார் தேடுகிறார்கள்.

பரண்மேல் கிடக்கிறதா? பழைய பிளாஸ்டிக்காரரிடம் போடும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்!