கைவிட வேண்டிய குழுக்கள்

லினக்ஸில் ஓடும் ஒவ்வொரு புராசஸுக்கும் ஒரு பயனர் எண், ஒரு முதன்மைக் குழு எண், இவை போக ஒரு கூடுதல் குழுப் பட்டியல் உண்டு. யூனிக்ஸின் தொடக்க காலத்தில் ஒரு புராசஸ் ஒரு நேரத்தில் ஒரே குழுவில்தான் இருக்க முடிந்தது. பல குழுக்களில் இருக்கும் வசதியை 1983இல் வெளிவந்த 4.2 பிஎஸ்டி தந்தது. லினக்ஸில் 32 ஆக இருந்த பட்டியலின் உச்சவரம்பு, 2.6.4 பதிப்பிலிருந்து 65,536 ஆனது.

லாகின் நேரத்தில் இனிட்குரூப்ஸ் என்ற நிரல்கூறு, பயனர் சேர்ந்துள்ள குழுக்களைத் திரட்டி, செட்குரூப்ஸ் என்ற சிஸ்டம் கால் வழியாகக் கெர்னலிடம் ஒப்படைக்கிறது. அதன்பின் பிறக்கும் ஒவ்வொரு புராசஸும் பட்டியலின் நகலைப் பெறுகிறது. வேறு நிரலாக மாறினாலும் பட்டியல் மாறாது. ஒருவரைப் புதிய குழுவில் சேர்த்தால் அவர் மறுபடி லாகின் செய்யும்வரை பலன் தெரியாததற்குக் காரணம் இதுதான்.

உரிமையைத் துறக்கும் கட்டத்தில்தான் கவனம் மிகவும் தேவை. 80ஆம் போர்ட்டைத் திறப்பதற்காக ரூட் அதிகாரத்தோடு தொடங்கும் வெப் சர்வர், அந்த வேலை முடிந்ததும் சாதாரணப் பயனராக இறங்க வேண்டும். அதற்கான அழைப்புகளின் வரிசை இது: முதலில் செட்குரூப்ஸ், அடுத்து முதன்மைக் குழு எண்ணை மாற்றும் செட்ஜிஐடி, கடைசியில் பயனர் எண்ணை மாற்றும் செட்யுஐடி. செட்யுஐடியை முதலில் அழைத்தால் ரூட் அதிகாரம் போய்விடும். பிறகு குழுவை மாற்றக் கெர்னல் அனுமதிக்காது. செட்குரூப்ஸை மறந்தாலோ, ரூட்டின் பழைய குழுக்கள் ஒட்டிக்கொண்டே வரும். சில லினக்ஸ் தொகுப்புகளில் ரூட் பயனர் டிஸ்க் குழுவிலும் இருந்ததுண்டு. அந்தக் குழுவில் உள்ள புராசஸ் வன்வட்டையே நேரடியாகப் படிக்கலாம், கோப்பு அனுமதிகள் எதுவும் குறுக்கே நிற்காது. ஒவ்வொரு அழைப்பும் வெற்றி பெற்றதா என்று சரிபார்க்காத நிரலை நம்பவே கூடாது.

குழுவைக் கைவிட்டால் உரிமை குறையும் என்பது எப்போதும் உண்மையல்ல. கெர்னல் முதலில் புராசஸின் பயனர் கோப்பின் உரிமையாளரா என்று பார்க்கிறது, பிறகு குழு, கடைசியில் மற்றவர்கள். முதலில் பொருந்திய இடத்தோடு சோதனை முடிந்துவிடும். ஆகவே மற்றவர்களுக்குத் திறந்துவிட்டு ஒரு குழுவுக்கு மட்டும் மூடிய கோப்பை, அந்தக் குழுவிலிருந்து விலகிய புராசஸ் எளிதாகப் படித்துவிடும். தனக்கென்று தனிப் பயனர், குழு எண்கள் கொண்ட யூசர் நேம்ஸ்பேஸ் என்ற வெளியைச் சாதாரணப் பயனரும் உருவாக்கலாம்; அதற்குள் செட்குரூப்ஸை அழைக்க முடிந்ததால் அது இந்த விலகலுக்கு வழி திறந்தது. இந்த ஓட்டை 2014இல் அடையாளம் காணப்பட்டது. லினக்ஸ் 3.19 முதல், நேம்ஸ்பேஸுக்குள் செட்குரூப்ஸைத் தடைசெய்த பிறகே சாதாரணப் பயனர் அதன் குழு எண்களை வெளியே உள்ள எண்களோடு பொருத்த முடியும்.