வராக நதியிலிருந்து சேதுக் கடல் வரை

தேனி மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. பெரியகுளத்துக்குக் கிழக்கே, வராக நதி பாயும் ஜெயமங்கலத்திலிருந்து ராமேசுவரம் சென்று சேர ஏறத்தாழ 250 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். ஆயினும் ஜெயமங்கலம், மேல்மங்கலம், வடுகபட்டி போன்ற ஊர்களின் பெரியவர்கள் பலர், தம் காலத்துக்குப் பின் அஸ்தியைச் சேதுவில் கரைக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைப்பதுண்டு. சொல்லி வைப்பதோடு சரி. எந்த நாளில், யார் கையால், எந்தக் கரையில் என்பதை யாரும் பேசிக்கொள்வதில்லை. துக்கம் நேர்ந்த வீட்டில், பால் தெளித்து முடிந்த மறுநாழிகையே பங்காளிகளுக்குள் அதுதான் முதல் வாக்குவாதமாகிறது.

"ஆறு வீட்டுவாசலில் ஓடுகிறதே, கடலுக்கு ஏன் போக வேண்டும்?" என்பது அவ்வாக்குவாதத்தின் வழக்கமான தொடக்கம். கேள்வி நியாயமானதே. பெரியகுளம் பாலசுப்பிரமணியர் கோயிலருகே வராக நதியின் இரு கரைகளிலும் ஆண் மருதம், பெண் மருதம் என இரு மரங்கள் நிற்கின்றன. அவற்றினிடையே ஓடும் நீரில் நீராடுவது காசியில் நீராடுவதற்கு ஒப்பு என்பது முன்னோர் நம்பிக்கை. கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியிலே சுருளி தீர்த்தம் இருக்கிறது. ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் அங்கே திதி கொடுக்கத் திரள்பவர்கள் பல்லாயிரவர். இவற்றுள் எதையும் குறைவானதென்று சொல்ல நமக்கு வாயில்லை.

ஆனால் "ஆற்றில் விட்டால் எப்படியும் கடலுக்குப் போய்விடும்" என்று சமாதானம் சொல்பவர்கள் வைகையின் வரலாற்றைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். வராக நதி வைகையில் கலக்கிறது. வருசநாட்டு மலையில் பிறந்து 258 கிலோமீட்டர் ஓடும் வைகை, 1959-இல் திறக்கப்பட்ட அணையிலும் வழிநெடுகக் கால்வாய்களிலும் கண்மாய்களிலும் தன்னைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, மிஞ்சினால் ராமநாதபுரம் பெரிய கண்மாயை அடைகிறது. பெருவெள்ளக் காலத்தில்தான் கடலைக் காண்கிறது. மேற்குக் கடலுக்குப் போக வேண்டிய பெரியாற்று நீரை 1895-இல் பென்னிகுயிக் மலையைக் குடைந்து நம் பள்ளத்தாக்கின் பக்கம் திருப்பினார். அந்த நீருக்கும் மேற்குக் கடல் போயிற்று, கிழக்குக் கடல் முழுமையாகக் கிட்டவில்லை. வயல்களே அதன் கடல். மேலும் மதுரை உள்ளிட்ட ஊர்கள் குடிப்பது வைகை நீரே. கோடையில் மணலாய்க் கிடக்கும் ஆற்றில், தேங்கிய குட்டையொன்றில் அஸ்தியை விட்டுவிட்டு வருவது மனத்துக்கு நிறைவு தராது. மறைந்தவர் கடலைக் கேட்டிருந்தால் கடலுக்கே செல்வதுதான் முறை என்பது இவ்வெழுத்தாளனின் கருத்து.

கடலுக்கும் அஸ்திக்கும் உள்ள தொடர்பு புராணம் அறிந்ததே. சகர மன்னனின் 60,000 புதல்வர்கள் கபிலரின் கோபத்தில் சாம்பலானார்கள். அவர்கள் வழிவந்த பகீரதன் தவமிருந்து வானத்துக் கங்கையைப் பூமிக்குக் கொணர்ந்தான். அவள் இமயத்திலிருந்து இறங்கி ஓடி, கடலோரம் கிடந்த அச்சாம்பலை நனைத்த பின்னரே அவர்களுக்கு நற்கதி கிட்டிற்று. சகரர் பெயராலேயே கடல் சாகரம் ஆயிற்று என்பர். பல தலைமுறை கழித்து ஒரு பேரன் அந்தக் கடனைத் தீர்த்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். ஏனெனில் இன்று குடும்பங்களை வருத்தும் பெரிய அச்சம், "நாள் கடந்துவிட்டதே, பாவம் சேருமோ?" என்பதுதான். மகன் துபாயிலிருந்து வர விடுப்புக் கிடைக்கவில்லை. மகளுக்குப் பிரசவ காலம். கலயம் மயானத்து மரத்தில் தொங்குகிறது.

மகாத்மா காந்தியின் அஸ்தி இதற்கு விடை சொல்லும். 1948 பிப்ரவரி 12 அன்று பிரயாகையிலும் நாட்டின் பல புண்ணிய நீர்களிலும் அது கரைக்கப்பட்டது. நம் கன்னியாகுமரியில் முக்கடல் கூடுமிடத்தில் கரைப்பதற்கு முன் மக்கள் வணங்குவதற்காக அஸ்திக் கலசம் வைக்கப்பட்டிருந்த இடத்தில்தான் 1956-இல் காந்தி மண்டபம் எழுந்தது. ஆண்டுதோறும் அக்டோபர் 2 நண்பகலில் சூரிய ஒளி அவ்விடத்தில் விழுமாறு அதை அமைத்தார்கள். ஆனால் அஸ்தி முழுவதும் அன்றே கரைந்துவிடவில்லை. ஒரு பகுதி ஒரிசாவின் கட்டாக் நகரத்து வங்கிப் பெட்டகத்தில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கிடந்து, 1997 ஜனவரி 30 அன்று திரிவேணி சங்கமத்தில் கரைந்தது. இன்னொரு பகுதி 2008-இல் அதே நாளில் மும்பைக் கடலிலும், வேறொரு பகுதி 2010-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடலிலும் விடப்பட்டன. காமராஜரின் அஸ்தியையும் கன்னியாகுமரிக் கடல் ஏற்றது. காந்தி மண்டபத்துக்கு அருகிலேயே அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. தேசப்பிதாவின் அஸ்தியே 62 ஆண்டுகள் காத்திருந்தது என்றால், நம் வீட்டுப் பெரியவரின் கலயம் மகன் வரும்வரை சில வாரங்கள் காத்திருப்பதில் குற்றமொன்றுமில்லை. கூடுமானால் கருமாதிக்கு முன் முடிப்பது வழக்கம். முடியாதபோது ஓராண்டுக்குள் முடிப்போரும் உண்டு. கலயத்தை வீட்டுக்குள் கொண்டு வராமல், தூய்மையான இடத்தில், துணி கட்டிக் காத்து வைத்தால் போதும்.

சஞ்சயனம் எனப்படும் அஸ்தி சேகரிப்பிலேயே கடற்பயணத்துக்கான ஏற்பாடு தொடங்கிவிடுகிறது. தகனத்துக்கு மறுநாளோ மூன்றாம் நாளோ, குல வழக்கப்படி, பாலும் இளநீரும் தெளித்துச் சூட்டை ஆற்றி, உடலின் ஒவ்வொரு பாகத்திலிருந்தும் சிறிது சிறிதாக எலும்பை எடுத்துப் புது மண்கலயத்தில் இட வேண்டும். எரிவாயு அல்லது மின் தகன மேடையாக இருந்தால் ஊழியரே சேகரித்துத் தருவார். எல்லாவற்றையும் எடுத்துச் செல்ல எண்ணினால் இரண்டு மூன்று கிலோ வரை இருக்கும். கலயம் வாய் குறுகியதாக, வெள்ளைத் துணியால் இறுகக் கட்டப்பட்டதாக இருக்கட்டும். பித்தளைச் சொம்பும் பிளாஸ்டிக் டப்பாவும் வேண்டா. மண் மண்ணோடு கரையும். மற்றவை அலையில் கரை ஒதுங்கி யாரோ ஒருவர் காலில் இடறும். மயானத்தில் தரும் ரசீதையும் இறப்புச் சான்றிதழின் நகலையும் ஓர் உறையிலிட்டுக் கலயத்தோடே வைத்திருப்பது நல்லது. நீண்ட பயணத்தில் யாரேனும் கேட்டால் காட்டலாம்.

இப்போது போடியிலிருந்தும் தேனியிலிருந்தும் மதுரைக்கு ரயில் உண்டு. புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டபின் மதுரையிலிருந்து ராமேசுவரத்துக்கும் ரயில் ஓடுகிறது. மூட்டு வலியுள்ள முதியவர் உடன்வருவதானால் வாடகை வண்டியைவிட ரயிலே சௌகரியம். கலயத்தைத் தரையில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு, வழியில் ஆறு வந்தால் "பாலம் கடக்கிறோம், வாருங்கள்" என்று சொல்லிக்கொண்டே வரும் பெரியவர்கள் உண்டு. அதைக் கேட்டு இளையவர் நகைக்க வேண்டியதில்லை.

சமுத்திரத்தைக் கண்ட நாளில் தீண்டக்கூடாது, பருவ காலங்களில் மட்டுமே நீராட வேண்டும் என்பது ஆன்றோர் விதி. சேதுவுக்கு மட்டும் அவ்விதி இல்லை. அங்கே எந்நாளும் நீராடலாம். ஆகவே அமாவாசைதான் வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. சொல்லப்போனால் ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் அக்னி தீர்த்தக் கரையில் நிற்கவும் இடமிராது. அஸ்தி கரைப்பதற்கு அந்நாட்களைத் தவிர்ப்பதே அறிவுடைமை. கூட்டம் வேண்டாதவர்கள் திருப்புல்லாணியை அடுத்த சேதுக்கரைக்கோ, நவபாஷாணம் அமைந்த தேவிபட்டினத்துக்கோ செல்லலாம். ராமேசுவரத்தின் அலையடங்கிய கரை முதியோருக்கு ஏற்றது. கன்னியாகுமரியின் பாறைக் கரையில் அலை வேகம் மிகுதி; அங்கே இளையவர் மட்டும் இறங்கட்டும்.

ஒன்றை மறவாதிருக்க வேண்டும். தீட்டு கழியாத நாட்களில் செல்பவர்கள் அக்னி தீர்த்தத்தோடு திரும்பிவிட வேண்டும். அது கோயிலுக்கு வெளியே இருக்கும் கடல் தீர்த்தம். உள்ளேயுள்ள 22 தீர்த்தங்களில் நீராடுவதும் ராமநாதசுவாமி தரிசனமும் தீட்டு நீங்கிய பின்னரே. "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்று உள்ளே நுழைந்துவிட்டு, ஊர் திரும்பிய பின் மனம் குழம்புவோர் பலர்.

கரையில் புரோகிதரிடம் தட்சிணையையும் சாமான்களுக்கான தொகையையும் முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்வதில் வெட்கமில்லை. சங்கல்பம் முடிந்து எள்ளும் நீரும் விட்டபின், கடலில் முழங்கால் அளவு நீரில் இறங்கி, காற்று வீசும் திசையை முதலில் பார்க்க வேண்டும். காற்றுக்கு எதிரே நின்று உயரத்திலிருந்து கொட்டினால் சாம்பல் நம் மேலேயே திரும்பி வரும். நீர்மட்டத்துக்கு மிக அருகில் கலயத்தைச் சாய்த்து மெல்ல விடுவதே சரி. பின்னர் திரும்பிப் பார்க்காமல் கரையேறுவது பல குடும்பங்களின் வழக்கம். நார் கட்டாத உதிரிப் பூ மட்டும் போதும். உடுத்திய துணியைக் கடலில் விட்டுவிட்டு வரும் பழக்கத்தை இனியேனும் விட வேண்டும். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைக் கொண்ட தேசியப் பூங்கா 1986-இலேயே அமைந்தது. பாக் விரிகுடாவில் 2022-இல் கடற்பசுக்களுக்கென்று தனிக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. கடற்புல்லை மேயும் அவ்வாயில்லா உயிர்கள் இருக்கும் நீர்ப்பரப்பில் பாலியெஸ்டர் வேட்டியை விட்டுவிட்டு எந்தப் பிதுரரைத் திருப்தி செய்ய முடியும்?

மகன் இல்லாத வீட்டில் மகள் கரைக்கலாமா என்று கேட்போர் நம் பகுதியில் இன்றும் உள்ளனர். முன்னாள் பிரதமர் வாஜ்பாய்க்கு 2018 ஆகஸ்டில் சிதைக்குத் தீ மூட்டியவரும் ஹரித்துவாரில் அஸ்தி கரைத்தவரும் அவருடைய வளர்ப்பு மகள்தான். அங்கே வேதியர்கள் உடன் நின்று மந்திரம் சொன்னார்கள். பெற்றவரைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மகளின் கையிலிருந்து கலயத்தைப் பிடுங்கி, பத்தாண்டாக எட்டிப் பாராத தூரத்துப் பங்காளியிடம் கொடுப்பதை எந்தச் சாத்திரத்தின் பெயரால் நியாயப்படுத்துவார்களோ தெரியவில்லை.

அயல்நாட்டில் வாழும் பிள்ளைகளோடு தங்கியிருக்கும் பெரியவர்களுக்கும் ஒரு சொல். சிங்கப்பூரில் செமக்காவ் தீவுக்குத் தெற்கே குறிப்பிட்ட கடற்பகுதியில் காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை அஸ்தி கரைக்க அனுமதியுண்டு. அமெரிக்காவில் கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பால் படகில் சென்று கரைத்துவிட்டு, 30 நாட்களுக்குள் அரசின் சுற்றுச்சூழல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். எளிதில் மட்காத மாலைகளைக் கடலில் விடுவதற்கு அனுமதியில்லை. தாய்நாட்டுக்கே கொண்டு வர விரும்பினால் விமானத்தில் கைப்பையோடு எடுத்து வருவது உத்தமம். உலோகப் பெட்டியை ஊடுகதிர்க் கருவி துளைக்காது என்பதால் மரம் அல்லது கனத்த அட்டைப் பெட்டியே பொருத்தம். இறப்புச் சான்றிதழும் தகனச் சான்றிதழும் கையில் இருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் நாம் இருக்கும்போதே ஒரு தாளில் எழுதி, நிலப்பத்திரம் வைத்திருக்கும் அதே பெட்டியில் வைத்துவிடலாம். எந்தக் கடல், யார் கையால், எவ்வளவு செலவுக்குள், மகன் வர இயலாவிட்டால் யார் என்பவை நான்கு வரிக்குமேல் போகா. கடல் தொலைவென்று பிள்ளைகள் தயங்கினால் வராக நதியே போதும் என்று நினைப்பவர்கள் அதையும் தெளிவாக எழுதிவிட வேண்டும். ஆற்றில் நீர் ஓடும் மாதமாகப் பார்த்துச் செய்யும்படி மறக்காமல் ஒரு வரி சேர்க்கவும்.