நூற்கடையும் நெசவுத் தெருவும்

நுழையும் முன்

துணியை விலை கொடுத்து வாங்குவோர் பலர்; அது நூலாக இருந்த காலத்தை எண்ணிப் பார்ப்போர் சிலரே. நூலுக்கும் துணிக்கும் இடையே ஒரு கடை உண்டு. ஒரு தெரு உண்டு. ஒரு கணக்கேடும் உண்டு. கேரளத்தின் தென்கோடியில் உள்ள பாலராமபுரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, நூல் வணிகரின் அன்றாடப் பணியையும், அவரை நம்பி வாழும் நெசவாளர்களையும், அவர் நம்பி வாழும் நெசவையும் இப்பாடம் விளக்குகிறது.

ஊரும் வரலாறும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை என்னும் ஊர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. நெய்யாற்றின்கரையிலிருந்து பூவாறு நோக்கிக் கடற்பக்கமாகச் சென்றால் திருப்புறம் வரும். தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் எல்லைப் பகுதி இது.

1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராமவர்மாவின் பெயரால் பாலராமபுரம் வழங்குகிறது. அவருடைய ஆட்சியின் இறுதிக் காலத்தில் தளவாயாக விளங்கிய உம்மிணித் தம்பி, இவ்வூரை வணிகமும் கைத்தொழிலும் வளரும் இடமாக அமைக்க முற்பட்டார். அரச குடும்பத்தின் தேவைக்காக மெல்லிய துணி நெய்யத் தமிழகத்திலிருந்து சாலியர் குலத்து நெசவாளர்கள் இங்கே குடியேற்றப்பட்டனர். அவர்கள் வாழ்ந்த தெருக்கள் சாலியர் தெருக்கள் எனப் பெயர் பெற்றன. நாளடைவில் பிற சமூகத்தாரும் இத்தொழிலைக் கற்றுக்கொண்டனர். சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் தறியோசை கேட்கத் தொடங்கியது.

1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நிலைத்தது. மாநிலங்களுக்கிடையே எல்லை பிறந்தாலும், தமிழ்நாட்டு நூற்பாலைகளிலிருந்து நூல் வருவது நிற்கவில்லை. துணியின் கரையில் மின்னும் கசவு குஜராத்தின் சூரத் நகரிலிருந்து வருகிறது. ஊரிலே விளையாத பொருள்களைக் கொண்டு ஊரின் பெயரால் அறியப்படும் துணியை உருவாக்குவது கைத்திறனே. அத்திறனைப் போற்றும் வகையில் பாலராமபுரம் சேலைகளும் நுண்ணிய பருத்தித் துணிகளும் புவிசார் குறியீடு பெற்றுள்ளன.

நூலின் எண்

நூற்கடைக்கு வரும் நெசவாளர் முதலில் கேட்பது நூலின் நிறத்தையோ விலையையோ அன்று, அதன் எண்ணை. ‘நாற்பதாம் நம்பர்’, ‘நூறாம் நம்பர்’ என்பது கடைவழக்கு. இந்த எண் நூலின் நுண்மையைக் குறிக்கும்.

பருத்தி நூலை அளக்க 840 கெஜம் ஓர் அலகாகக் கொள்ளப்படுகிறது. இத்தகைய நீளங்கள் எத்தனை சேர்ந்தால் ஓர் இராத்தல் எடை வருமோ, அத்தனையே அந்நூலின் எண். 40 நீளங்கள் சேர்ந்து ஓர் இராத்தலானால் அது 40-ஆம் எண் நூல். 100 நீளங்கள் தேவைப்பட்டால் அது 100-ஆம் எண் நூல். ஆகவே, எண் உயர உயர நூல் மெலிகிறது.

இக்கணக்கின்படி 100-ஆம் எண் நூலில் ஓர் இராத்தல், அதாவது ஏறத்தாழ 454 கிராம், 84,000 கெஜம் நீளும். அது சற்றேறக்குறைய 76.8 கிலோமீட்டர். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வரையுள்ள சாலைத் தொலைவைவிட இது மிகுதி. அரைக் கிலோவுக்கும் குறைந்த பருத்தி அத்தனை தொலைவு நீள வேண்டுமானால், அதன் இழைகள் நீண்டவையாகவும் உறுதியானவையாகவும் இருத்தல் வேண்டும். கோயம்புத்தூரில் உருவாக்கப்பட்டு 1974-இல் வெளியிடப்பட்ட ‘சுவின்’ என்னும் பருத்தி இத்தகைய மிக நீண்ட இழை வகையைச் சேர்ந்தது.

நூல் வணிகரின் ஒரு நாள்

நூற்கடையின் வேலை, கட்டுகளை இறக்குவதில் தொடங்குகிறது. விசைத்தறிக்குச் செல்லும் நூல் கூம்பு வடிவக் கண்டுகளில் சுற்றப்பட்டிருக்கும். கைத்தறிக்குரிய நூல் சிட்டங்களாக வரும். சிட்டமாக இருந்தால்தான் நூலை நீரில் ஊறவைக்கவும், சாயமேற்றவும், வெளுக்கவும் எளிதாகும். கைத்தறிகள் நூலின்றி நின்றுவிடக் கூடாது என்பதற்காக, நூற்பாலைகள் தங்கள் உற்பத்தியில் ஒரு பங்கைச் சிட்டமாகவே கட்ட வேண்டும் என்று நடுவண் அரசு விதித்துள்ளது.

வந்த நூலை வணிகர் மூன்று வழிகளில் ஆராய்வார். கட்டின்மேல் ஒட்டிய சீட்டில் எண்ணைப் படிப்பார். ஓரிழையை விரல்களுக்கிடையே இழுத்து உறுதியைப் பார்ப்பார். சிட்டத்தைத் தராசில் இடுவார். 840 கெஜம் கொண்ட 40-ஆம் எண் சிட்டம் ஏறத்தாழ 11.3 கிராம் இருக்கும். 100-ஆம் எண் சிட்டமாயின் 4.5 கிராமே இருக்கும். சீட்டு பொய் சொன்னாலும் தராசு காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து, கணக்கேடு. நூல் வணிகம் பெரும்பாலும் கைமேல் பணம் பெறும் வணிகமன்று. நூல் வணிகர் சிலர் தாமே முதலாளி நெசவாளராகவும் விளங்குவர். அவர்கள் நெசவாளருக்கு நூலும் கசவும் கொடுப்பர். நெய்த துணியைப் பெற்றுக் கூலி தருவர். எனவே ஏட்டில் ஒவ்வொரு நெசவாளருக்கும் ஒரு பக்கம் உண்டு. கொடுத்த நூலின் எடை, திரும்பிய துணியின் எடை, கழிவு, கூலி, முன்பணம் ஆகியவை அதில் வரிசையாக எழுதப்படும். இவ்வாறு தனியாரைச் சாராமல் நூல் பெறுவதற்குக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. 1961-இல் அமைந்த ‘ஹான்டெக்ஸ்’ என்னும் கேரளக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவு அமைப்பு அவற்றின் தலைமை அமைப்பாகும்.

எடையும் அறமும்

நூல் எடையால் விற்கப்படுகிறது. நெசவோ நீளத்தால் நடைபெறுகிறது. இவ்விரண்டிற்கும் இடையேதான் வணிகரின் நேர்மை சோதிக்கப்படுகிறது.

80-ஆம் எண் நூலை 100-ஆம் எண் என்று கூறி ஒருவர் விற்றதாகக் கொள்வோம். எடை சரியாகவே இருக்கும். ஆனால் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஐந்து வேட்டிக்கு வரவேண்டிய நூல் நான்கு வேட்டியோடு முடிந்துவிடும். ‘நூல் எங்கே?’ என்னும் கேள்வி பின்னர் நெசவாளரை நோக்கியே எழும்.

ஈரமும் எடையை மாற்றும். பருத்தி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. முற்றிலும் உலர்ந்த 100 கிராம் பருத்தி நூல், வணிக அளவைப்படி 8.5 கிராம் ஈரத்தை ஏற்கலாம். மழைக்காலத்தில் இவ்வளவு மேலும் கூடும். மழை நாளில் நிறுத்துக் கொடுத்த நூல் வெயில் நாளில் துணியாகத் திரும்பும்போது எடை குறைந்து தோன்றும். இதை உணர்ந்த வணிகர் நெசவாளரைக் குறை கூறமாட்டார். பருவத்தையும் கணக்கில் சேர்ப்பார். உணராதவரிடமோ, உணர்ந்தும் மறைப்பவரிடமோ அகப்பட்டவர் தம் கூலியில் இழப்பார். திருக்குறளில் நடுவுநிலைமை என்னும் அதிகாரம் துலாக்கோலை உவமையாகக் கொண்டிருப்பதன் பொருத்தம் நூற்கடையில் நன்கு விளங்கும்.

தெருவில் நீளும் பாவு

கடையிலிருந்து செல்லும் நூல் உடனே தறி ஏறுவதில்லை. நுண்ணிய நூல் தறியில் உராய்ந்தால் எளிதில் அறும். அதனால் நீளவாட்டில் அமையும் பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்ற வேண்டும். பாலராமபுரத்தில் இப்பணி தெருவிலேயே நடைபெறுவது மரபு. விடியற்காலையில் பாவு தெருவின் நீளத்திற்கு இழுத்துக் கட்டப்படும். அரிசிக் கஞ்சியும் தேங்காயெண்ணெயும் இழைகளில் படும்படி, இருபுறமும் நிற்போர் தூரிகையால் ஒரே சீராக நீவிக்கொண்டே செல்வர். நூலின்மேல் சிலிர்த்து நிற்கும் நுண்ணிழைகள் படிந்து, பாவு வழவழப்பும் வலிமையும் பெறும். வெயில் ஏறுமுன் நீவி முடிக்காவிட்டால் கஞ்சி இழைகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். இதனை ஒருவர் தனியே செய்ய இயலாது. தெருவே கூடிச் செய்யும் தொழில் இது.

இதிலொரு நெருக்கடியும் உண்டு. கேரளத்தில் கைத்தறித் துணி மிகுதியாக விற்பது ஓணத்தை ஒட்டி. ஓணம் சிங்க மாதத்தில் வருகிறது. அதற்கு முன்வரும் கர்க்கடக மாதமோ அடைமழைக் காலம். துணி மிகுதியாகத் தேவைப்படும் நாள்களில்தான் தெருவில் பாவு நீட்ட முடியாமற்போகிறது. இதனை எண்ணியே வணிகர் கோடையிலேயே நூலை வாங்கி இருப்பு வைக்க வேண்டியுள்ளது. நூலில் முடங்கிய பணம் ஓணத்திற்குப் பிறகே திரும்பும்.

பாவு உலர்ந்தபின் குழித்தறியில் ஏற்றப்படும். நெசவாளர் தரைமட்டத்தில் அமர்ந்து, குழிக்குள் கால்களை இறக்கி மிதிகட்டைகளை மிதிப்பார். ஊடை நூலைத் தாங்கிய ஓடத்தை ஒரு கையால் எறிந்து மறுகையால் பிடிப்பார். கயிற்றை இழுத்து ஓடத்தை விரைந்து செலுத்தும் முறையை 1733-இல் இங்கிலாந்தின் ஜான் கே கண்டறிந்தார். அவ்விரைவு வந்த பின்னும், கையால் ஓடம் எறியும் பழைய முறையைப் பாலராமபுரம் கைவிடவில்லை. இம்முறையில் வேகம் குறைவு. ஆயினும் நுண்ணிய நூலைக் கைபார்த்துச் செலுத்த முடிகிறது. துணியின் இருபுறமும் ஒன்றுபோல் தோன்றும்.

நெய்தலும் பின்னலும்

நூலைத் துணியாக்க நெய்தல் மட்டுமே வழியன்று. நெய்தலில் பாவு, ஊடை என்னும் இருவகை நூல்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கோக்கப்படும். பின்னலில் ஒரே நூல் கண்ணி கண்ணியாக வளைந்து, ஒரு கண்ணிக்குள் மற்றொரு கண்ணி நுழைந்து செல்லும். கண்ணிகள் நீண்டு சுருங்குவதால் பின்னலாடை உடலுக்கேற்ப நெகிழ்ந்து கொடுக்கும். திருப்பூரில் பின்னப்படும் பனியன் இதற்குச் சான்று. குளிர்நாடுகளில் கம்பளி நூற்கடைகளை நாடிச் சென்று, இரண்டு ஊசிகளால் தம் கையாலேயே மேலாடை பின்னிக்கொள்வோர் பலர்.

தென்திருவிதாங்கூரிலும் ஒரு பின்னற்கலை வேரூன்றியது. இலண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார், 1820-களில் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். எளிய குடும்பத்துப் பெண்கள் தம் உழைப்பால் பொருளீட்ட அது வழிசெய்தது. தறிக்கு ஒரு குழியும் ஒரு தெருவும் வேண்டும். பின்னலுக்கு நூலும் கருவியும் இருந்தால் திண்ணையே போதும்.

இன்றைய நிலை

விசைத்தறியில் விரைந்து நெய்த துணி, கைத்தறித் துணியைப் போலவே கசவுக் கரையுடன் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. வாங்குவோருக்கு வேறுபாடு தெரிவதில்லை. நாள் முழுதும் தறியில் அமர்ந்து பெறும் கூலி குடும்பத்திற்குப் போதாதபோது, இளையோர் வேறு பணி தேடிச் செல்கின்றனர். ஒரு தறி நின்றால் நூல் வணிகரின் ஏட்டில் ஒரு பக்கம் முடிகிறது. பாவு நீவ வரும் கைகளும் குறைகின்றன. கைகள் குறைந்தால், தொழிலில் நிலைத்திருப்போருக்கும் பாவு நீட்டல் கடினமாகிறது.

இதனைத் தடுக்கச் சில ஏற்பாடுகள் உள்ளன. சில துணி வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கும் சட்டம் 1985-இல் இயற்றப்பட்டது. உண்மையான கைத்தறித் துணியை அடையாளம் காட்டக் கைத்தறி முத்திரை வழங்கப்படுகிறது. 2015 முதல் ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடப்படுகிறது. 2017 முதல் கேரள அரசு பள்ளிச் சீருடைக்குரிய துணியைக் கைத்தறியில் நெய்வித்து மாணவர்க்கு இலவசமாக வழங்குகிறது. ஓணத்திற்கு மட்டும் ஓடிய தறி மற்ற மாதங்களிலும் ஓட இத்திட்டம் வேலை தருகிறது. முத்திரையைப் பார்த்து வாங்குதல் நம்மால் இயன்ற உதவியாகும்.

சொல்லும் நூலும்

நூல், தறி, பாவு, கசவு ஆகிய சொற்கள் இவ்வெல்லைப் பகுதியில் தமிழருக்கும் மலையாளிகளுக்கும் பொதுவானவை. தமிழில் ‘நூல்’ என்னும் சொல் இழையையும் ஏட்டையும் குறிக்கும். நன்னூலின் பாயிரம் சொல்லைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவரை நூல் நூற்கும் பெண்ணாகவும் உருவகம் செய்கிறது. பஞ்சிலிருந்து இழையைப் பிரித்து ஒழுங்காக நீட்டுபவரின் பொறுமையே, சொற்களை ஒழுங்குபடுத்தி எழுதுபவருக்கும் வேண்டும் என்பது அதன் கருத்து.

அருஞ்சொற்பொருள்

சிட்டம் – வளையமாகச் சுற்றிய நூற்கட்டு
கண்டு – உருளையிலோ கூம்பிலோ சுற்றிய நூல்
பாவு – தறியில் நீளவாட்டில் அமையும் நூல்
ஊடை – குறுக்குவாட்டில் செல்லும் நூல்
ஓடம் – ஊடை நூலைக் கொண்டு செல்லும் தறிக்கருவி
கசவு – சரிகை
இராத்தல் – ஏறத்தாழ 454 கிராம் எடை
துலாக்கோல் – தராசு

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. பாலராமபுரம் யாருடைய பெயரால் வழங்குகிறது?
2. கைத்தறிக்கு நூல் சிட்டமாக வேண்டப்படுவது ஏன்?
3. பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றுவதன் பயன் யாது?

ஆ. ஒரு பத்தியில் விடை தருக.
1. மழைக்காலம் நூல் வணிகரையும் நெசவாளரையும் எவ்வெவ்வாறு பாதிக்கிறது?
2. நெய்தலுக்கும் பின்னலுக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் விளக்குக.

இ. கணக்கிட்டு எழுதுக.
60-ஆம் எண் நூலில் ஓர் இராத்தல் எத்தனை கெஜம் நீளும்?

ஈ. பிரித்து எழுதுக.
நூற்கடை, பின்னலாடை, தறியோசை

உ. செயல்பாடு
வீட்டிலுள்ள ஒரு கைத்தறித் துணியையும் ஒரு பனியனையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் உற்றுநோக்குக. நூல் செல்லும் வழியை இரண்டிலும் வரைந்து, கண்ட வேறுபாட்டை ஐந்து தொடர்களில் எழுதுக.