வரைபடத்தின் வெள்ளைக் கோடுகள்

வடபிரான்சின் மிஷ்லான் சாலை வரைபடத்தை விரித்தால் முதலில் கண்ணில் படுவது சிவப்பும் மஞ்சளும்தான். சிவப்புக் கோடு வாகனங்கள் விரையும் முக்கியச் சாலை, மஞ்சள் அதற்கு அடுத்த நிலை. இரண்டுக்கும் நடுவே நூல் நூலாக வெள்ளைக் கோடுகள் ஓடுகின்றன. சில இடங்களில் அவற்றின் ஓரத்தில் பச்சை வரி தீட்டியிருக்கும். அழகான காட்சி உள்ள பாதை என்று அதற்குப் பொருள். சைக்கிளில் ஊர் சுற்ற நினைப்பவர்கள் தேட வேண்டியது இந்த வெள்ளைக் கோடுகளைத்தான்.

லீல் நகரில் ஒரு பருவம் பரிமாற்ற மாணவராக இருந்தபோது, வார இறுதிகளில் எனக்குக் கிடைத்த மலிவான பொழுதுபோக்கு இது. ஒரு பழைய சைக்கிள், ஒரு வரைபடம், வட்டார ரயிலுக்கு ஒரு சீட்டு. ஐரோப்பாவில் மேற்படிப்புக்கோ பரிமாற்றத் திட்டத்துக்கோ போகும் எண்ணம் உள்ளவர்களுக்கு இந்தத் தகவல்கள் உதவும்.

இத்தனை சிறிய சாலைகள் அங்கே எப்படி வந்தன? பிரான்சில் ஏறத்தாழ 35,000 கொம்யூன்கள் உள்ளன. கொம்யூன் என்பது தனி மேயரும் மன்றமும் கொண்ட மிகச் சிறிய நிர்வாகப் பிரிவு. நூறு பேர் மட்டுமே வசிக்கும் கிராமம்கூட ஒரு கொம்யூனாக இருக்கலாம். கிராமச் சாலைகளைப் பராமரிப்பது கொம்யூன்களின் கடமை என்று 1836ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. ஊர் மக்கள் ஆண்டுக்கு மூன்று நாள் வரை உழைப்பாகவோ அதற்கு ஈடான பணமாகவோ பங்களிக்கவும் அது வழிசெய்தது. ஒவ்வொரு கிராமத்தையும் பக்கத்துக் கிராமத்தோடு இணைக்கும் சாலைகள் இப்படிப் பெருகின. இன்று நாட்டின் மொத்தச் சாலை நீளம் 1 மில்லியன் கிலோமீட்டரைத் தாண்டுகிறது. அதில் பாதிக்கும் மேற்பட்டவை கொம்யூன் சாலைகள்.

சாலைகள் இருந்தாலும் மக்கள் குறைந்துவிட்டனர். இயந்திரங்கள் வந்த பின் வயலுக்கு அத்தனை ஆட்கள் தேவைப்படவில்லை. இளையர்கள் நகரங்களுக்குப் போய்விட்டனர். பாரிசுக்கும் லீலுக்கும் இடையே ஓடும் லாரிகளை ஏ1 விரைவுச்சாலை இழுத்துக்கொண்டது. மிஞ்சியிருப்பது தார் போட்ட, மூன்று மீட்டர் அகலமுள்ள, ஏறக்குறைய ஆளரவமற்ற சாலை. அரை மணி நேரத்துக்கு ஒரு டிராக்டரும் தபால்காரரின் மஞ்சள் வேனும் மட்டும் கடந்து போகும் இடங்கள் உண்டு.

அமைதியான சாலை என்பதாலேயே அது ஆபத்தில்லாத சாலை ஆகிவிடாது. பிரான்சில் சாலை மரணங்களில் பெரும்பகுதி ஊர்களுக்கு வெளியே, இத்தகைய நாட்டுப்புறச் சாலைகளில்தான் நிகழ்கிறது. கார்கள் குறைவு, ஆனால் வருபவை வேகமாக வரும். நடுத்தடுப்பு இல்லாத இருவழிச் சாலைகளில் வேக வரம்பு 2018 ஜூலையில் மணிக்கு 90 கிலோமீட்டரிலிருந்து 80ஆகக் குறைக்கப்பட்டது. பின்னர் சில மாவட்டங்கள் தங்கள் சாலைகள் சிலவற்றில் 90ஐ மீண்டும் கொண்டுவந்தன. ஊருக்கு வெளியே சைக்கிளோட்டியை முந்தும் கார் 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம். இரவிலும் வெளிச்சம் குறைந்த நேரத்திலும் ஊர் எல்லைக்கு வெளியே சைக்கிளோட்டி ஒளிரும் மேலங்கி அணிய வேண்டும் என்பதும் சட்டம்.

இடப்பக்கம் ஓட்டிப் பழகிய நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே எல்லாம் வலப்பக்கம் என்பதோடு, வலப்புறத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை என்ற பழைய விதி கிராமங்களில் இன்றும் நடப்பில் உள்ளது. வேறு அறிவிப்புப் பலகை இல்லாத சந்திப்பில், சிறிய சந்திலிருந்து வரும் கார்கூட உங்களுக்காக நிற்காமல் திரும்பலாம். சட்டம் அதன் பக்கம். ஊரின் பெயரைச் சிவப்பு விளிம்போடு தாங்கிய பலகையைத் தாண்டியதும் வேக வரம்பு 50. அதே பெயர் குறுக்குக் கோட்டால் அடிக்கப்பட்டிருந்தால் ஊர் முடிந்தது, கார்கள் மறுபடி வேகமெடுக்கும். இந்தப் பலகைகளைக் கவனிப்பது வழக்கமாகிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

சாலைகளின் எழுத்துகளும் உதவும். ‘ஏ’ என்பது விரைவுச்சாலை. அதில் சைக்கிளுக்குத் தடை. ‘என்’ தேசியச் சாலை, ‘டி’ மாவட்டச் சாலை, ‘சி’ கொம்யூன் சாலை. ஓரத்துக் கற்களைப் பார்த்தும் தெரிந்துகொள்ளலாம்: தேசியச் சாலைக் கல்லின் தலை சிவப்பு, மாவட்டச் சாலைக் கல்லின் தலை மஞ்சள். ‘டி’ என்றாலே அமைதி என்று நம்பிவிடக் கூடாது. 2006ஆம் ஆண்டு வாக்கில் பல தேசியச் சாலைகள் மாவட்டங்களிடம் ஒப்படைக்கப்பட்டுப் பெயர் மாறின. பழைய என் 1 சாலையின் சில பகுதிகள் இன்று டி 1001. பெயர் மாறியது, லாரிகள் மாறவில்லை.

புதிதாகத் தொடங்குபவர்கள் பலர் ‘பச்சைப் பாதை’ எனப்படும், மோட்டார் வாகனங்களுக்கு இடமில்லாத தடங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். லண்டனையும் பாரிசையும் இணைக்க 2012இல் திறக்கப்பட்ட ‘அவென்யூ வெர்ட்’ பாதையில், தியெப் துறைமுகத்துக்கு அருகிலிருந்து ஃபோர்ஜ்-லெ-ஸோ வரை ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தூரம் ஒரு பழைய ரயில் தடத்தின் மீது செல்கிறது. சொம் ஆற்றங்கரையில், படகுகளைக் குதிரைகள் இழுத்துச் சென்ற கால்வாய்ப் பாதையில் கடல்வரை ஓட்டலாம். ஏற்றம் இல்லை, பயம் இல்லை. ஆனால் எனக்கு அரை நாளில் அலுத்துவிட்டது. ரயில் தடம் ஊர்களின் முதுகைத்தான் காட்டும். வெள்ளைச் சாலையோ தேவாலய வாசலுக்கும், மேயர் அலுவலகத்துக்கும், யாரோ ஒருவருடைய கோழிக்கூட்டுக்கும் முன்னால் கொண்டுபோய் விடும்.

நான் பரிந்துரைப்பது சிறு ஆற்றுப் பள்ளத்தாக்குகள். கான்ஷ், ஒத்தீ ஆகிய இரண்டு ஆறுகளும் ஏறக்குறைய இணையாக ஓடி ஆங்கிலக் கால்வாயில் கலக்கின்றன. இத்தகைய பள்ளத்தாக்குகளில் பெரும்பாலும் ஒரு கரையில் பெரிய சாலை, மறுகரையில் சின்னச் சாலை. சின்னதைப் பிடித்துக்கொண்டால் ஆலைகள், வெள்ளைச் சுவர் வீடுகள், பாப்லார் மரங்கள் என்று நாள் முழுக்கப் போகலாம். கான்ஷ் ஆற்றின் மேல் கோட்டை மதில்களோடு நிற்கும் மோன்த்ரேய்-சுர்-மேர், விக்டர் ஹியூகோவின் ‘லே மிசராப்ளே’ நாவலில் ழான் வால்ழான் மேயராக இருக்கும் ஊர். பெயரில் கடல் உண்டு. கடல் இப்போது பத்து கிலோமீட்டருக்கும் அப்பால். கிழக்கே தியராஷ் வட்டாரத்தில் படையெடுப்புகளுக்கு அஞ்சி மக்கள் ஒளிந்துகொள்ளக் கட்டிய செங்கல் கோபுரத் தேவாலயங்கள் ஊருக்கு ஊர் நிற்கின்றன.

சொம் மாவட்டத்துச் சாலைகள் வேறு மாதிரி. முதலாம் உலகப் போரின் கல்லறைத் தோட்டங்கள் கோதுமை வயல்களின் நடுவில் திடீர் திடீரென்று வரும். சிலவற்றுக்குப் புல் தடத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். தியெப்வால் நினைவு வளைவில் உடல் கிடைக்காத 72,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் உள்ளன. கடலோரத்தை நெருங்கும்போது நுவாயெல்-சுர்-மேர் அருகே, பிரிட்டிஷ் படைக்கு உழைக்க வந்து இறந்த சீனத் தொழிலாளர்களின் 800க்கும் மேற்பட்ட கல்லறைகள். லீலுக்குத் தென்மேற்கே நவ்-ஷப்பெல்லில் 1927இல் திறக்கப்பட்ட இந்திய நினைவுச்சின்னம் இருக்கிறது. 4,700க்கும் மேற்பட்ட இந்தியப் படையினரின் பெயர்கள் வட்டச் சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன. அது நிற்கும் சந்திப்பு மட்டும் வாகனங்கள் நிறைந்தது; அங்கே இறங்கித் தள்ளிப் போவதே நல்லது. நம் பாடப் புத்தகங்களில் அந்தப் போர் ஒரு பத்தியில் முடிந்துவிடும். சுவரைச் சுற்றி நடந்து பெயர்களைப் படிக்க எனக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலானது, அப்போதும் பாதிகூட முடியவில்லை.

கல் பாவிய சாலைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1896இல் தொடங்கிய பாரிஸ்-ரூபே பந்தயம் ஓடும் அந்தச் சாலைகள் மற்ற நாள்களில் விவசாயிகளின் வயல்வழிகள். ‘வடக்கின் நரகம்’ என்ற பெயர் 1919இல், போரால் சிதைந்த பாதையைப் பார்வையிட்டவர்கள் சொன்னதிலிருந்து வந்தது. கார் வராது என்பது உண்மை. கை மரத்துப்போகும் என்பதும் உண்மை. ஒரு துண்டு ஓட்டிப் பார்த்தால் போதும்.

பருவத்தையும் காற்றையும் பார்த்துத் திட்டமிடுங்கள். ஜூனில் நார்மண்டியின் கோ பீடபூமியில் ஆளி வயல்கள் நீலமாகப் பூக்கும். காலையில் விரியும் பூ அன்றைக்கே உதிர்ந்துவிடும், ஆகவே சீக்கிரம் கிளம்ப வேண்டும். இலையுதிர் காலத்தில் சர்க்கரைக் கிழங்கு அறுவடை. லாரிச் சக்கரங்கள் சாலையில் விட்டுப்போகும் சேறு மழையில் சோப்புபோல வழுக்கும். காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும். அதனால் அமியேன் வரை ரயிலில் போய், அங்கிருந்து வடகிழக்கே அராஸ் நோக்கி ஓட்டி, அராசில் மறுபடி ரயில் ஏறுவது நல்ல திட்டம். ஏறத்தாழ 65 கிலோமீட்டர்; காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும்.

சாப்பாடுதான் கடினம். கிராமக் கடைகள் நண்பகலில் இரண்டு மணி நேரம் மூடிவிடும். ஞாயிறு பிற்பகலிலும் திங்களிலும் பல கடைகள் திறப்பதே இல்லை. பல கிராமங்களில் கடையே இல்லை. சைக்கிளோட்டிகள் கொண்டாடும் அமைதி, அங்கே வசிக்கும் முதியவர்களுக்குப் பேருந்து இல்லை, மருத்துவர் இல்லை என்ற முறையீடாக இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு போனால், திறந்திருக்கும் கஃபேயைக் கண்டதும் வேண்டாவிட்டாலும் ஒரு காப்பி குடிக்கத் தோன்றும். தண்ணீருக்கு உள்ளூர்க் கல்லறைத் தோட்டத்துக் குழாய் உதவும். பூக்களுக்கு ஊற்ற வைத்திருப்பது அது. குடிக்க ஏற்றதல்ல என்ற பலகை இருக்கிறதா என்று பார்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். ரொட்டிக்கடை மூடப்பட்ட சில ஊர்களில் மேயர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் தானியங்கி இயந்திரம் ஒன்று நிற்கும். காசு போட்டால் நீளமான ரொட்டி வெளியே வரும். சில்லறை வைத்திருங்கள்.