அரை இஞ்சும் நாலு நூலும்

சிங்கப்பெருமாள் கோவில் கம்பிக் கடையில் அரை இஞ்ச் கம்பி கேட்டாலும் நாலு நூல் கம்பி கேட்டாலும் வருவது ஒன்றுதான். (பில்லில் 12 மி.மீ. என்றிருக்கும், உண்மையான அரை இஞ்ச் 12.7.) எப்படி?

நூல் என்பது 1/8 இஞ்ச். 1/2-இன் மேலும் கீழும் 4 ஆல் பெருக்கினால் 4/8. துண்டுகள் நான்கு மடங்காகின்றன, ஒவ்வொன்றும் நான்கில் ஒரு பங்காகச் சிறுக்கிறது. 4/4 என்பது 1தானே. ஒன்றால் பெருக்கினால் அளவு மாறாது. பெருக்காமல் நான்கைக் கூட்டிப் பாருங்கள்: 5/6! கம்பியே தடித்துவிடும். பிள்ளைகள் வழுக்குவது இங்கேதான்.

நூலைப் போலவே, பின்னங்களை ஒரே சிறு துண்டால் எண்ணப் பழந்தமிழ்க் கணக்கில் முந்திரி இருந்தது, 1/320. கால் என்றால் 80 முந்திரி, மா (1/20) என்றால் 16. காலும் மாவும் சேர்ந்தால் 96/320. மேலும் கீழும் 32 ஆல் வகுத்தால் 3/10.